சாந்தினி சௌக்கும் மாசி வீதிகளும்: ஓர் ஒப்பாய்வு

ஜனக்புரியில் குடியிருப்பவர்களுக்குக் கடைகண்ணிக்குப் பஞ்சம் கிடையாது. டிஸ்ட்ரிக்ட் சென்டர் இருக்கிறது, பக்கத்திலேயே திலக் நகர் பஜார் இருக்கிறது, 2014-ல் திறந்த தில்லி ஹாட்டும் இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலோ, வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் வற்றலும் தனியாவும் மொத்தமாக வாங்க வேண்டும் என்றாலோ, ஜனக்புரி வெஸ்டில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி, சாந்தினி சௌக்கில்தான் போய் இறங்குகிறோம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் மதுரைப் பக்கத்துக்காரர்கள் கணிசமாக உண்டு. அவர்கள் லீவுக்கு ஊர் போனாலும் இதே கதைதான். ஊரைச் சுற்றி எத்தனை பெரிய கடைகள் வந்தாலும் காதுகுத்துக்கும் சீர்வரிசைக்கும் விளக்குத்தூணுக்கும் மாசி வீதிக்கும் போகாமல் அவர்களுக்கு ஆகாது.

தில்லியில் ஒரு தெரு, மதுரையில் சில தெருக்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இன்று நாம் காணும் வடிவத்தை இரண்டும் பெற்றது, அல்லது அந்த வடிவம் நிறைவடைந்தது, பதினேழாம் நூற்றாண்டில். மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. ஷாஜகான் தில்லியையும் ஆக்ராவையும் ஆண்டது 1628 முதல் 1658 வரை. ஒருவர் ஆட்சிக்குள் மற்றவர் ஆட்சி அடங்கிவிடும் அளவுக்குச் சமகாலத்தவர்கள். இருவருமே கட்டடப் பிரியர்கள், இருவருமே ஊர்வலத்தின் அருமை தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் காலத்தில் எழுந்த கடைவீதிகள் வெவ்வேறு எண்ணத்தில் எழுந்தவை. அந்த வேறுபாடு நானூறு ஆண்டை நெருங்கியும் கரையவில்லை. இன்று இரண்டு ஊர்களிலும் பழைமையைக் காப்பாற்றுகிறோம் என்று நடக்கும் வேலைகளைப் புரிந்துகொள்ளவும் அதுவே நமக்கு உதவுகிறது.

முதலில் தில்லி. ஷாஜகான் தன் தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்ற முடிவு செய்து, 1639-ல் யமுனைக் கரையில் ஷாஜகானாபாத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1648-ல் செங்கோட்டைக்குக் குடிவந்தார். கோட்டையின் லாகூரி வாசலிலிருந்து மேற்கே நேர்கோடாக ஓடும் பெருந்தெருவையும் அதன் நடுவே ஒரு சதுக்கத்தையும் அமைக்கச் செய்தவர் அவர் மூத்த மகள் ஜகனாரா. ஆண்டு 1650. சூரத் துறைமுகத்தின் வருமானம் ஜகனாராவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சொந்தக் கப்பலே வைத்திருந்த பெண். வணிகம் எப்படி ஓடுகிறது என்பதை அரண்மனைத் திரைக்குப் பின்னால் இருந்தபடியே அறிந்தவர். தெரு ஏறத்தாழ 1,520 கஜ நீளம், 40 கஜ அகலம். நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்தில் ஒரு குளம். நிலா வெளிச்சம் அதில் விழும் என்பதால்தான் தெருவுக்கு இந்தப் பெயர் வந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சதுக்கத்தை ஒட்டி, பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் பெருவணிகர்கள் தங்க ஒரு சத்திரத்தையும், அதன் பின்னால் ஒரு தோட்டத்தையும் ஜகனாரா அமைத்தார். தெருவின் மேற்குக் கோடியை அதே 1650-ல் பதேபுரி பேகம் கட்டிய பள்ளிவாசல் அடைத்து நிற்கிறது. ஒரு முனையில் அரசன், மறு முனையில் தொழுகை, இடையில் வியாபாரம். முன்கூட்டியே வரைபடம் போட்டு, கடைவீதியாகவே பிறந்த தெரு இது.

1663-ல் தில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இந்தக் கடைகளைப் பார்த்து ஏமாந்து எழுதினார். பாரிஸ் கடைகள்போல் பகட்டாக எதையும் விரித்து வைக்கவில்லை, விலையுயர்ந்த துணியைக் காட்டும் கடை ஒன்றிருந்தால் நெய்யும் அரிசியும் விற்கும் கடைகள் இருபத்தைந்து இருக்கின்றன என்பது அவர் குறை. நல்ல சரக்கெல்லாம் உள்ளே கிட்டங்கியில் இருக்கும் என்பதையும் அவரே குறிப்பிட்டார். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. கினாரி பஜாரில் நல்ல ஜரிகை வேண்டுமென்று கேட்டால் கடைக்காரர் மாடிக்கு ஆள் அனுப்புகிறார். கடையில் தொங்குவதை வைத்து அவரிடம் இருப்பதை எடைபோட முடியாது.

இனி மதுரை. இங்கே கடைவீதிக்கு மூத்த வரலாறு வேறு உண்டு. மதுரைக்காஞ்சி பாண்டியர் மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததைப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் நகர்சுற்றிப் பார்க்கும்போது மணி விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, கூலக்கடைத் தெரு என்று ஒவ்வொரு தொழிலும் தனித் தெருவாக வருகிறது. அந்தத் தெருக்கள் இன்றைய தெருக்கள்தான் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைய நகர அமைப்பை விசுவநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அது பதினாறாம் நூற்றாண்டு. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, உள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரம். தெருக்கள் மாதத்தின் பெயரைத் தாங்கியிருப்பதற்குக் காரணம், அந்தந்த மாதத் திருவிழாவில் சாமி உலா வரும் பாதைகள் அவை என்பதே.

ஆக, மதுரையின் தெருக்கள் கடைக்காகப் போட்டவை அல்ல, தேருக்காகப் போட்டவை. அகலமும் திருப்பமும் தேரின் வடத்துக்கும் சக்கரத்துக்கும் கணக்குப் பார்த்து அமைந்தவை. தேர் பார்க்க வருகிற கூட்டத்துக்குப் பூவும் பழமும் பாத்திரமும் துணியும் விற்கக் கடை வந்தது. வந்த கடை நிலைத்தது. இதை நன்றாகப் புரிந்துகொண்ட அரசர் திருமலை நாயக்கர். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரை வைகைக்கு வரவழைத்து, சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் ஒன்றாகப் பிணைத்தவர் அவர் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் செய்தி. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலம் சித்திரை. சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நாள்கணக்கில் தங்கும் ஊராக மதுரை ஆனது. தேர் இன்றும் சித்திரை மாதத்தில் மாசி வீதிகளைத்தான் சுற்றுகிறது. மாதம் மாறியும் பெயர் மாறாமல் நிற்கிறது.

தில்லித் தெருவிலும் ஊர்வலத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே போனவை பெரும்பாலும் அரசனின் ஊர்வலங்கள். அரசன் மாறினால் ஊர்வலமும் மாறும். அதோடு தெருவின் தலையெழுத்தும் மாறும். 1675-ல் குரு தேக் பகதூரின் தலை இந்தத் தெருவில்தான் கொய்யப்பட்டது; அந்த இடத்தில் இன்று சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. 1739-ல் நாதிர் ஷா சுனேரி மசூதியில் உட்கார்ந்தபடி நகரத்தின் படுகொலையைப் பார்த்தார். 1857-க்குப் பிறகு பிரிட்டிஷார் நகர மக்களையே வெளியே துரத்தினார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளையும் கடைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஜகனாராவின் சத்திரமும் அப்போது போனது. அந்த இடத்தில் டவுன் ஹால் வந்தது. கால்வாயும் குளமும் பிரிட்டிஷ் காலத்தில் மூடப்பட்டுக் காணாமல் போயின. 1912 டிசம்பர் 23 அன்று வைஸ்ராய் ஹார்டிங் யானைமேல் அம்பாரியில் புதிய தலைநகருக்குள் நுழைந்ததும் இதே தெரு வழியாகத்தான். அந்த யானைமேல் குண்டு விழுந்ததும் இங்கேதான். 1947-ல் இங்கிருந்து ஒரு பெருங்கூட்டம் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. வந்த பஞ்சாபி அகதிகளுக்காகக் கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் எழுந்தது. திலக் நகரும் அதே அகதிகளுக்காக எழுந்த காலனிதான். ஜனக்புரியில் நம் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் பலரின் குடும்ப வரலாறு சாந்தினி சௌக்கின் ஏதோ ஒரு கடையைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

இத்தனை அடி வாங்கிய தெரு எப்படி மீண்டும் மீண்டும் கடை திறந்தது? இந்த ஒப்பீட்டில் நான் முக்கியமாகக் கருதும் கேள்வி இது. அரசன் போனான், குளம் போனது, கால்வாய் போனது, மக்களே மாறினார்கள். மாறாமல் நின்றது, ஒரு தொழிலுக்கு ஒரு சந்து என்ற ஏற்பாடு. வெள்ளிக்குத் தரீபா கலான். ஜரிகை, மாலை, கல்யாணத் தலைப்பாகைக்குக் கினாரி பஜார். புத்தகத்துக்கு நயி சடக். மூக்குக்கண்ணாடிக்கும் செருப்புக்கும் பல்லிமாரான். கவிஞர் காலிப் வாழ்ந்த காசிம் ஜான் சந்து இதை ஒட்டியதுதான். பித்தளைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் சாவ்ரி பஜார். மின்சாதனங்களுக்குப் பகீரத் பேலஸ். பேகம் சம்ரூவின் மாளிகையாக இருந்த இடம் அது. மளிகைக்கும் மசாலாவுக்கும் காரி பாவ்லி. துணிக்கு நூற்றுக்கணக்கான கடைகள் அடங்கிய கட்ராக்கள். கட்ரா என்பது தெருவிலிருந்து ஒரு வாசல் வழியாக உள்ளே போனால் முற்றத்தைச் சுற்றிக் கடைகளாக இருக்கும் வளாகம். வாசலை அடைத்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு குடும்பம்போலாகிவிடுவார்கள்.

மதுரையிலும் இதே ஏற்பாடுதான். நகைக்குத் தெற்காவணி மூல வீதி. பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு. மொத்த மளிகைக்குக் கீழமாசி வீதி. துணிக்கு விளக்குத்தூணும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும். அவற்றுள் பத்துத்தூண் சந்தை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். திருமலை நாயக்கரின் அரண்மனையில் இடிந்ததுபோக மிஞ்சிய பத்து கல்தூண்கள், வரிசையாக, ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன. தூணுக்கடியில் சுங்கடிச் சேலையைப் பிரித்துப் போட்டு விலை பேசுகிறார்கள். அந்தச் சுங்கடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கட்டிச் சாயமேற்றும் சௌராஷ்டிர மக்கள் நாயக்கர் காலத்தில் அரண்மனையை ஒட்டிக் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. அரண்மனையை நம்பி வந்த தொழில் மட்டும் அதே இடத்தில் நடக்கிறது.

ஒரே சரக்கை விற்கும் நாற்பது கடைகள் தோளோடு தோள் நின்றால் ஒன்றையொன்று அழித்துவிடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அப்படி நடப்பதில்லை. கினாரி பஜாரில் ஒரு தங்கநிற கோட்டா ஜரிகையைக் காட்டி, இதில் இன்னும் அரை அங்குலம் அகலம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் இல்லை என்று சொல்லமாட்டார். பையனை அனுப்பி நாலாவது கடையிலிருந்து எடுத்துவரச் சொல்வார். நீங்கள் அதற்குள் டீ குடித்து முடித்திருப்பீர்கள். மாலைக்குள் அந்தக் கடைக்கும் இவருக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். வாங்குகிறவருக்கோ மூன்று கடை ஏறி இறங்கினால் விலையின் நியாயம் தெரிந்துவிடுகிறது. நாலாவது கடையில் அவரை யாரும் ஏய்க்க முடியாது. பத்து வருஷம் ஒரே கடையில் வாங்கியவருக்கு விலை கேட்கும் வேலையே இல்லை. வெங்கலக்கடைத் தெருவில் குத்துவிளக்கு வாங்கப் போகும் குடும்பம் பாட்டி வாங்கிய கடையைத்தான் தேடிப் போகிறது. பழைய பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள, எடைக்கு எடை பேச, அங்கே மட்டும்தான் வசதி.

தில்லி ஹாட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் வாசலில் இருக்கிறது. முதல் தில்லி ஹாட் 1994-ல் ஐ.என்.ஏ.வில் வந்தது, ஜனக்புரியில் உள்ளது அதே வழியில் பின்னால் வந்தது. நல்ல நோக்கம், அழகான கட்டடம், இசையை மையமாக வைத்த அமைப்பு. தூரத்து மாநிலத்துக் கைவினைஞர் இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க அது வழி செய்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கைவினைஞருக்குக் கடை சில நாட்களுக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. பிறகு இன்னொருவர் வருகிறார். இன்று வாங்கிய சால்வையில் நூல் பிரிந்தால் அடுத்த மாதம் போய்க் கேட்க அங்கே ஆள் இருக்கமாட்டார். பற்று எழுதிக் கொடுக்கிறவர் இல்லை, பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறவர் இல்லை. அதை நல்ல கண்காட்சி என்பேன். சந்தை ஆவதற்கு ஒரே இடத்தில் இரண்டு தலைமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதுவரை ஒற்றுமைகளைச் சொன்னேன். இனி வேறுபாடு. சாந்தினி சௌக்கின் வலிமை மொத்த வியாபாரத்தில் இருக்கிறது. காரி பாவ்லியில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். ஏலக்காய், மஞ்சள், பாதாம், அத்திப்பழம், உப்பிட்ட எலுமிச்சை என்று வடஇந்தியாவின் அடுப்படிகளுக்குப் போகவேண்டிய சரக்கெல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே இறங்கி ஏறுகிறது. மூட்டைக்காரர் முதுகை வளைத்துக்கொண்டு ஓடிவரும்போது நாம்தான் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். கடோடியா மார்க்கெட்டின் படிகளில் ஏறுகிறவர்கள் மிளகாய் நெடியில் இருமாமல் மாடியை அடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜனக்புரியில் நாம் கிலோக்கணக்கில் வாங்கும் மசாலாவுக்கு விலை நிர்ணயமாவது இந்தச் சந்துகளில்தான். ஆனால் கினாரி பஜாரின் ஜரிகையில் பெரும்பங்கு இன்று சூரத்திலிருந்து வரும் இயந்திர ஜரிகை. தெரு விற்கிறது, தெருவுக்குள் செய்வது குறைந்துகொண்டே போகிறது. பழைய ஹவேலிகளின் மேல்தளங்களில் கைவேலைக்காரர்கள் இருந்த அறைகள் கிட்டங்கிகளாகிவிட்டன.

மதுரையின் வலிமை நாட்காட்டியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய இடமாகப் புதுமண்டபம் இருந்தது. அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய நீண்ட கல்மண்டபம் அது. நாலு வரிசைத் தூண்கள். தூண்களில் நாயக்க அரசர்களின் ஆளுயரச் சிலைகள், திருமலை நாயக்கர் உட்பட. கோடையில் சாமி குளிர்ச்சியாக வீற்றிருக்கச் சுற்றிலும் நீர் நிற்கும் அகழி. தில்லித் தெருவைப்போலவே இதுவும் தண்ணீரை நினைத்துக் கட்டியது, தில்லித் தெருவைப்போலவே தண்ணீரை இழந்தது. பிற்காலத்தில் இந்த மண்டபத்துக்குள் கடைகள் புகுந்தன. வளையல், குங்குமம், பாத்திரம், புத்தகம், முக்கியமாகத் தையற்காரர்கள்.

தூணுக்கு ஒரு தையல் இயந்திரம் என்ற கணக்கில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பங்குனி பிறந்ததும் மண்டபத்தின் நிறமே மாறிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும்போது கள்ளழகர் வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கான உடுப்புகள் தைக்க வேண்டிய காலம். வெல்வெட்டில் அரைக்கால் சல்லடம், ஜிகினா வைத்த மேல்சட்டை, தலைக்கு உருமால். குழந்தைக்கு, வாலிபனுக்கு, கிழவருக்கு என்று தனித்தனி அளவு. ஒரு பெரியவர் மகனையும் பேரனையும் கூட்டிவந்து மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் தைக்கக் கொடுப்பார். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, போன வருஷத்தைவிடப் பேரன் எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்பதைச் சட்டையின் மடிப்பைப் பிரித்துக் காட்டிச் சொல்வார். இந்த உடுப்புகளைத் தைப்பவர்களில் பலர் முஸ்லிம்கள். அழகர் வேடத்துக்கான சல்லடமும் சட்டையும் தலைமுறையாக அவர்கள் கையில் தைக்கப்பட்டு வருகின்றன; மதுரையில் யாரும் இதை ஒரு செய்தியாகச் சொல்வதுகூட இல்லை. பக்கத்துத் தெருவில் துருத்தி வாங்கலாம், சர்க்கரை தீபத்துக்குச் செம்பு வாங்கலாம். செய்பவர், விற்பவர், வாங்குபவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சந்தை அது. தில்லியில் அரிதாகிவிட்ட ஒன்று மதுரையில் இந்தத் தூண்களுக்கிடையே இருந்தது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். இரண்டு ஊர்களும் தங்கள் பழைய கடைவீதியைச் சீரமைக்கப் புறப்பட்டன. இரண்டும் எடுத்த வழிகள் நேரெதிரானவை.

தில்லியில் கடைகளைத் தொடவில்லை, வண்டிகளைத் தொட்டார்கள். செங்கோட்டையிலிருந்து பதேபுரி வரை ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் தூரத்துக்குத் தெருவை நடப்பவர்களுக்கென மாற்றி, செம்மணற்கல் பாவி, தலைக்குமேல் பின்னிக்கிடந்த மின்கம்பிகளைப் பெருமளவு பூமிக்கடியில் கொண்டுபோனார்கள். 2021 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. சைக்கிள் ரிக்ஷாவில் போகலாம், இல்லையென்றால் நடந்துதான் போக வேண்டும். காரில் வந்து கடைவாசலில் இறங்கும் வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்று வியாபாரிகள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2005-லேயே மெட்ரோ வந்துவிட்ட தெரு இது. எங்களைப்போல் புறநகரிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலையே இல்லை. ஜெயின் கோயில், கௌரி சங்கர் கோயில், பாப்டிஸ்ட் தேவாலயம், குருத்வாரா, சுனேரி மசூதி, பதேபுரி மசூதி என்று ஒரே தெருவில் வரிசையாக நிற்கும் வழிபாட்டு இடங்களை நின்று நிமிர்ந்து பார்க்கும் பாக்கியம் பல வருஷங்களுக்குப் பிறகு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. சிறுசிறு குறைகள் உண்டு. பெருந்தெரு சீரானது; சந்துகள் அப்படியே இருக்கின்றன. 2022 ஜனவரியில் லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் அதே ஆண்டு நவம்பரில் பகீரத் பேலஸிலும் பெருந்தீ பிடித்தது. சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாதபடி கட்டடத்தை நெருக்கிக்கொண்டே போனால் செம்மணற்கல் எதையும் காப்பாற்றாது.

மதுரைக்கும் ஒரு தீதான் திருப்புமுனை. 2018 பிப்ரவரி 2 இரவு, கிழக்குக் கோபுர வாசலை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பற்றின. மண்டபத்தின் கற்கள் வெடித்துக் கூரை இடிந்தது. கோயிலுக்குள் கடை வேண்டாம் என்ற குரல் அதற்குப் பிறகு வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகளும் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாற்றப்பட்டன. சித்திரை வீதிகளில் வண்டிகள் ஏற்கெனவே இல்லை. இப்போது மண்டபத்தில் கடைகளும் இல்லை.

இதில் எது சரி என்று கேட்டால், தில்லியின் வழி அந்தத் தெருவுக்குச் சரி. மதுரையின் வழி அந்த மண்டபத்துக்குச் சரி. புதுமண்டபம் கடைக்காகக் கட்டியது அன்று. ஆணி அடித்து, தட்டி கட்டி, விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய சிலைகளை எத்தனையோ பேர் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறார்கள். நாயக்கர் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்றைச் சட்டைத்துணிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தோம். அதை விடுவித்ததில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. என் வருத்தம் மாற்றிய விதத்தைப் பற்றியது. தூண் காலியாகும் வேகத்தில் தையற்காரரின் வாழ்வும் இடம்பெயர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அழகர் வேடத்துக்குத் துணி எடுக்க வரும் கிராமத்துப் பெரியவர் கோபுரத்தை அடையாளம் வைத்து நடப்பவர். அவர் கண்ணில் படும் இடத்தில், தரைமட்டத்தில், பிரிக்காமல் ஒரே வரிசையில் தையற்காரர்களை உட்கார வைக்க வேண்டும். வளாகத்தின் மேல்தளத்தில் ஒருவர், கீழ்த்தளத்தில் ஒருவர் என்று சிதறினால் வேலை கைமாறாது, ஆள் அனுப்பி எடுத்துவர முடியாது, பேரம் பேச நாலாவது கடை இருக்காது. சாந்தினி சௌக் 1857-ஐயும் 1947-ஐயும் தாண்டியது, அதன் சந்துகளின் தொழில்வரிசை குலையாததால். மதுரையில் காப்பாற்ற வேண்டியதும் அந்த வரிசையைத்தான்.

மதுரையின் கடைவீதி இதற்கு முன்னும் உருமாறியிருக்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வேலை செய்தவர்களுக்கு அங்கேயே மனை கிடைத்தது. வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படித்தான் பிறந்தன. விளக்குத்தூணே அந்தக் கலெக்டரின் நினைவாக நட்டதுதான். காய்கறிச் சந்தையும் பிறகு மாட்டுத்தாவணிக்குப் போனது. தில்லியில் அது ஆசாத்பூருக்குப் போனதுபோல. கனத்த சரக்கு ஊருக்கு வெளியே போவது இரு நகரங்களுக்கும் நல்லதாகவே முடிந்தது. லாரியில் வரும் வெங்காயத்துக்கு மாசி வீதி தேவையில்லை. ஆனால் அளவெடுத்துத் தைக்கும் உடுப்புக்கு, எடைபோட்டு மாற்றும் வெங்கலத்துக்கு, விரலால் தேய்த்துப் பார்த்து வாங்கும் ஜரிகைக்கு, அந்தத் தெரு வேண்டும்.

தில்லிக்கு வரும் உறவினர்களைச் சாந்தினி சௌக்குக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வாரநாளில் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். குளிர்காலமாக இருந்தால் தட்டில் பால்நுரை அடுக்கி விற்கும் தௌலத் கி சாட் கிடைக்கும், மற்ற பருவத்தில் கிடைக்காது. கினாரி பஜாரில் வாங்காவிட்டாலும் நாலு கடை ஏறி விலை கேளுங்கள். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. சித்திரையில் மதுரை போகிறவர்கள் புதுமண்டபத்துச் சிலைகளைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடாதீர்கள். குன்னத்தூர் சத்திரம் எங்கே என்று கேட்டுப் போய், தையற்காரரைத் தேடிப் பிடித்து, வீட்டுக் குழந்தைக்கு ஓர் அழகர் உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வாருங்கள்.